காட்டை எண்ணிய பெருமகன்

கோடையில் நம் நாட்டுக் காடு ஒன்றில் தீ மூண்டால், வானில் சுற்றும் செயற்கைக்கோள் அதன் வெப்பத்தை உணர்கிறது. டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனத்தின் வழியே அந்தச் செய்தி வனக் காவலரின் கைப்பேசிக்கு வந்து சேர்கிறது. இப்படிச் செயற்கைக்கோள் துணைகொண்டு தீயை அறிவிக்கும் பணி 2004-ஆம் ஆண்டு தொடங்கியது. ஆனால் விமானங்கூட இல்லாத ஒரு காலத்தில் காட்டின் கணக்கை யார் எடுத்தார்? எப்படி எடுத்தார்? அதை அறிய வேண்டுமானால் டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியரின் வாழ்க்கையை அறிய வேண்டும்.

பிராண்டிஸ் 1824-ஆம் ஆண்டு பான் நகரில் பிறந்தார். தந்தையார் தத்துவப் பேராசிரியர். மகனோ செடிகொடிகளை நாடினார். தாவரவியல் கற்றுப் பான் பல்கலைக்கழகத்திலேயே ஆசிரியராக அமர்ந்தார். அவர் மணந்த ராச்செல் அம்மையார் செராம்பூர்ப் பாதிரியார் மார்ஷ்மனின் மகள். அந்த உறவின் வழியே அவர் பெயர் டல்ஹவுசி பிரபுவின் காதுக்கு எட்டியது. 1856-இல் பர்மாவின் பெகு பகுதித் தேக்குக் காடுகளுக்கு அவர் கண்காணிப்பாளரானார்.

அங்கே அவர் கண்டது என்ன? வணிகர் கோடரி ஒரு பக்கம். வெட்டிய மரத்துக்குக் கணக்கே இல்லாத நிலை மறுபக்கம். நிற்கும் மரம் எத்தனை என்று தெரியாமல், வெட்டத் தகும் மரம் எத்தனை என்று எப்படிச் சொல்வது? முதலில் எண்ணிப் பார்ப்பது என்று முடிவு செய்தார். எல்லா மரத்தையும் எண்ண ஓர் ஆயுள் போதாது. ஆகவே யானைமேல் ஏறிக் காட்டின் ஊடே நேர்வழியாகச் சென்றார். கையில் மூங்கில் துண்டுகள். பருமனில் ஒவ்வொரு வகுப்பு மரத்துக்கும் ஒரு துண்டு. கண்ணில் படும் ஒவ்வொரு தேக்குக்கும் உரிய துண்டில் கத்தியால் ஒரு கீறல். ஈரக் காட்டில் காகிதம் நில்லாது; மூங்கில் நிற்கும். மாலையில் கீறல்களை எண்ணி, கடந்த நிலப்பரப்போடு ஒப்பிட்டு, முழுக் காட்டுக்கும் மதிப்புப் போட்டார். ஒரு சோறு பதம் பார்க்கும் முறைதான் இது!

அதோடு நிற்கவில்லை. இளமரம் முதிர்ந்து வெட்டும் பருமனை அடைய எத்தனை ஆண்டு ஆகும் என்று கணித்தார். ஆண்டுதோறும் எத்தனை முதிர்ந்து வருமோ அத்தனையே வெட்டலாம் என்று வரம்பு கட்டினார். முதலைத் தொடாமல் வட்டியைச் செலவிடும் குடும்பத்தலைவனின் நெறி இது. மர வணிகர் எதிர்த்தனர், அவர் தளரவில்லை. மலைச்சரிவில் காடெரித்து நெல் விதைக்கும் கரேன் மக்களை அவர் பகைக்கவும் இல்லை. நெல்லோடு தேக்கையும் நடச் செய்து அவர்களைக் காட்டின் பங்காளிகளாக்க முயன்றார். டாங்யா என்று பெயர் பெற்ற முறை அதுவே.

1864-இல் இந்தியக் காடுகளின் முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரலானார். டேராடூன் வனப்பள்ளி 1878-இல் தோன்றியது அவர் முயற்சியால். 1881-இல் சென்னை மாகாணத்துக்கு வந்து வன நிருவாகத்தைச் சீர்செய்ய வழி சொன்னார். மறு ஆண்டு பிறந்த சென்னை வனச்சட்டம், தமிழ்நாடு வனச்சட்டம் என்ற பெயரில் இன்றும் நடப்பில் இருக்கிறது.

பெருமையை மட்டும் சொல்லி நிறுத்துவது வாழ்க்கை வரலாறு ஆகாது. தீயைக் காட்டின் பகை என்றே பிராண்டிஸ் கருதினார். மத்திய மாகாணத்துப் போரிக் காட்டில் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டித் தீயை விலக்கிய முயற்சியை ஊக்குவித்தார். ஆனால் பர்மாவில் பின்னர் வேறொன்று தெரிந்தது. தீயே படாத ஈரக் காடுகளில் புதரும் மூங்கிலும் அடர்ந்தன. தேக்குக் கன்று ஒளியின்றி நலிந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குப் பல காடுகளில் தீத்தடுப்பைக் கைவிட நேர்ந்தது. எல்லாத் தீயும் ஒரே தீ அன்று.

இன்னொரு தீயும் உண்டு. 1878-ஆம் ஆண்டுச் சட்டம் உருவானபோது, ஊர்மக்களுக்கெனத் தனிக் காடுகள் வேண்டும் என்று பிராண்டிஸ் வாதாடினார். சட்டத்தில் ஊர்க்காட்டுக்கு ஓர் அத்தியாயம் இடம்பெற்றது; நடைமுறையில் அது ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்தது. உரிமை இழந்த மக்கள் மனம் கொதித்தது. 1921-இல் குமாவோன் மலையில் அரசின் ஊசியிலைக் காடுகள் மக்கள் கையாலேயே எரிந்தன. அவர் சொல் அன்றே முழுதும் ஏற்கப்பட்டிருந்தால் அந்தக் கொதிப்பு அவ்வளவு வளர்ந்திருக்குமா?

1883-இல் ஓய்வு பெற்ற பின்னும் அவர் ஓயவில்லை. அமெரிக்க வனத்துறையைப் பின்னாளில் கட்டியெழுப்பிய பின்ஷோ அவரிடம் வழிகேட்ட மாணாக்கர். இந்திய மரங்கள் பற்றிய பெருநூலை 1906-இல் வெளியிட்டு, மறு ஆண்டு பிறந்த ஊரிலேயே கண்மூடினார்.

நண்பர்களே, இன்று செயற்கைக்கோளின் கருவி 375 மீட்டர்க் கட்டங்களாக நிலத்தைப் பார்த்து, எரியும் கட்டத்தைச் சுட்டுகிறது. எங்கே எரிகிறது என்று அது சொல்லும். சருகுத் தீயா, மேய்ச்சலுக்கு வைத்த தீயா, மனக்கசப்பு வைத்த தீயா என்று அது சொல்லாது. மேலிருந்து எடுத்த படம் காட்டின் பரப்பைக் காட்டினாலும், அடிமரத்தின் பருமனை அறிய இன்றும் ஒருவர் நாடாவோடு காட்டுக்குள் நடந்தே ஆகவேண்டும். படத்தைப் படிக்கும் கல்வி நம்மில் பலருக்கு இங்கே கிடைக்கிறது. படத்துக்குள் இருக்கும் காட்டையும், காட்டை ஒட்டி வாழும் மக்களையும் நேரில் சென்று அறிவது நம் பொறுப்பு. மூங்கில் துண்டும் கத்தியுமாக அலைந்த அந்த மனிதர் நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே.