திருக்கண் கேளாத கூரத்தாழ்வான்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

அடியோங்கள் வசிக்கும் சிங்கப்பெருமாள் கோவிலில், பாடலாத்ரி நரசிம்மனின் நெற்றியிலும் ஒரு திருக்கண் உண்டு. அர்ச்சகர் திருமண்காப்பை விலக்கித் தீபம் காட்டும்போதெல்லாம் கூரத்தாழ்வானை நினைப்போம்.

காஞ்சிக்கு அருகே கூரத்தில் தை ஹஸ்தத்தில் அவதரித்தவர். பெருஞ்செல்வத்தைத் துறந்து, தேவிகள் ஆண்டாளுடன் திருவரங்கம் சென்று உடையவரின் நிழலாக வாழ்ந்தவர். போதாயன வ்ருத்தி கைவிட்டுப் போனபோது, அதை முன்பே நெஞ்சில் பதித்திருந்தவர் இவரே. அந்த நினைவாற்றல்தான் பின்னாளில் அவருக்குக் கண்ணாயிற்று.

சோழன் அவைக்கு உடையவரின் காஷாயத்தை அணிந்து சென்றார், திருக்கண்களை இழந்தார். உடன் சென்ற பெரிய நம்பி, திரும்பும் வழியிலேயே ஆழ்வான் மடியில் தலைசாய்த்துப் பரமபதித்தார். உடையவரோ மேல்நாட்டுக்கு எழுந்தருளிவிட்டார். திருவரங்கக் கோயில் வாசலில், உடையவர் சம்பந்தம் உள்ளோர்க்கு இடமில்லை, நல்லவரான ஆழ்வான் மட்டும் புகலாம் என்றனர். ஆசார்ய சம்பந்தத்தைக் கழித்து வரும் நற்பெயர் வேண்டாமென்று திரும்பிய ஆழ்வான், குடும்பத்தோடு திருமாலிருஞ்சோலை சேர்ந்தார்.

அங்கே பிறந்தது ஸுந்தரபாஹு ஸ்தவம், 132 ச்லோகங்கள். கண்ணிழந்தவர் அழகரின் திருமேனியை அவயவம் அவயவமாக வருணிக்கிறார்! முடிவை ஒட்டி ஒரு விண்ணப்பம் வைக்கிறார். வங்கியில் மனுக்களைப் படித்தே காலம் கழித்த அடியோங்கள் இப்படி ஒன்றைக் கண்டதில்லை. இழந்த கண்கள் அதில் இல்லை. முன்போலத் திருவரங்கத்தில் உடையவருக்கு அடங்கி வாழவேண்டும் என்பதே வேண்டுதல்.

அடியோங்கள் இல்லத்தில் ஒரு பிரிவு நேர்ந்த ஆண்டில், 1017-இல் உடையவர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூருக்கு ஒரகடம் வழியாக அடிக்கடி பேருந்தில் சென்றோம். சுற்றிலும் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல். மடியில் இந்த ஸ்தவம். அழுகை முட்டும் இடங்களில் புத்தகத்தை மூடிவிடுவோம். துயரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத இடங்களே அவை. திருமுடியும் திருத்தோள்களும் திருவடியும் மட்டுமே வருபவை.

அழகர் வேண்டுதலை நிறைவேற்றினார். உடையவர் திரும்பி எழுந்தருளினார். பிறகு காஞ்சியில் பேரருளாளனிடம் திருக்கண்களைக் கேட்குமாறு ஆழ்வானை நியமித்தார். ஆழ்வான் வரதராஜ ஸ்தவம் பாடினார். பெருமாள் வரம் தர உகந்தபோது, தாம் பெறும் பேற்றை, தம் கண்கள் போகக் காரணமான நாலூரானும் பெறவேண்டும் என்றார். உடையவர் பொறுக்கமாட்டாமல் மனம் வருந்தினாராம். பெருமாளையும் ஆசார்யனையும் மட்டும் காணும் பார்வையைப் பேரருளாளன் பின்னர் அருளினான் என்று பெரியோர் சொல்வர்.