ஜோசப் விட்வொர்த்

சர் ஜோசப் விட்வொர்த் (டிசம்பர் 21, 1803 – ஜனவரி 22, 1887) இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியியலாளரும், கண்டுபிடிப்பாளரும், தொழிலதிபரும் ஆவார். திருகாணிகளின் மரைகளுக்கு முதன்முதலில் நாடு தழுவிய சீர்தரம் ஒன்றை வகுத்தவர் என்பதற்காகவே இவர் பரவலாக அறியப்படுகிறார். ரைபிள் துப்பாக்கியின் குழலில் வெட்டப்படும் சுருள் பள்ளத்தின் முறுக்குக்கும், அதிலிருந்து சுடப்படும் குண்டின் நீளத்துக்கும் எடைக்கும் உள்ள தொடர்பை முறையான சோதனைகள் வழியாக ஆராய்ந்தவர்களுள் இவர் முன்னோடி ஆவார்.

இளமைக் காலம்

விட்வொர்த் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் நகரில் பிறந்தார். இவரது தந்தை ஆசிரியராகவும் கிறித்தவப் போதகராகவும் இருந்தவர். இளம் வயதிலேயே தாயை இழந்த விட்வொர்த், 14 ஆவது வயதில் டார்பிஷயரில் தம் மாமாவுக்குச் சொந்தமான பருத்தி நூற்பாலையில் தொழில் பழகச் சேர்ந்தார். ஆலையின் வணிகத்தைவிட அங்கிருந்த இயந்திரங்களே இவரைக் கவர்ந்தன. அவை துல்லியம் இன்றிச் செய்யப்பட்டிருந்ததையும் இவர் கண்டார். 1821 இல் ஆலையை விட்டு விலகி, மான்செஸ்டரில் சாதாரண இயந்திரத் தொழிலாளியாக வேலைக்கு அமர்ந்தார்.

1825 இல் லண்டனுக்குச் சென்று, அக்காலத்தின் தலைசிறந்த கருவி வல்லுநரான ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் பணியாற்றினார். பின்னர், சார்லஸ் பாபேஜின் வேறுபாட்டுப் பொறியை உருவாக்கிக் கொண்டிருந்த ஜோசப் கிளமெண்ட்டின் பட்டறையிலும் வேலை செய்தார். 1833 இல் மான்செஸ்டருக்குத் திரும்பி, சொந்தமாகப் பட்டறை தொடங்கினார்.

துல்லிய அளவியலும் திருகு மரையும்

முழுமையான சமதளத் தகடுகளை உருவாக்கும் முறையை விட்வொர்த் செம்மைப்படுத்தினார். மூன்று தகடுகளை மாற்றி மாற்றி ஒன்றோடொன்று ஒப்பிட்டு, மேடான இடங்களைச் சுரண்டி நீக்குவதே இம்முறை ஆகும். இரண்டு தகடுகளை மட்டும் ஒப்பிட்டால் ஒன்றின் குழிவு மற்றொன்றின் குவிவுடன் பொருந்திவிடக்கூடும். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தினால் மட்டுமே அவை உண்மையான சமதளங்கள் ஆகும். இம்முறையை 1840 இல் கிளாஸ்கோவில் நடந்த பிரித்தானிய அறிவியல் முன்னேற்றச் சங்கக் கூட்டத்தில் இவர் விளக்கினார்.

அக்காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பப்படி திருகாணிகளைச் செய்து வந்தது. ஓரிடத்துத் திருகாணி மற்றோரிடத்து மரையில் பொருந்தாது. 1841 இல் விட்வொர்த், மரையின் கோணம் 55 பாகையாக இருக்க வேண்டும் என்றும், ஒவ்வொரு விட்டத்துக்கும் ஓர் அங்குலத்தில் இத்தனை புரிகள் இருக்க வேண்டும் என்றும் வரையறுத்தார். பிரித்தானிய இரயில்வே நிறுவனங்கள் இதனை ஏற்றதால் இது நாடெங்கும் பரவியது. 1851 ஆம் ஆண்டின் பெரும் கண்காட்சியில் இவரது கருவிகள் பெரும் புகழ் பெற்றன. ஓர் அங்குலத்தின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு வேறுபாட்டையும் காட்டக்கூடிய அளவுப் பொறி ஒன்றையும் இவர் உருவாக்கினார்.

ரைபிள் ஆய்வுகள்

கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்த 1854 இல், என்பீல்டு ரைபிள்களைப் பெருமளவில் உற்பத்தி செய்யும் இயந்திரங்களை வடிவமைக்குமாறு பிரித்தானிய அரசு விட்வொர்த்தைக் கேட்டது. நல்ல குழல் எப்படி இருக்க வேண்டும் என்பதே அறியப்படாதபோது அதனைச் செய்யும் இயந்திரத்தை வடிவமைக்க இயலாது என்று கருதிய இவர், முதலில் ஆய்வு செய்ய அனுமதி கோரினார். இதற்காக மான்செஸ்டரில் இருந்த இவரது இல்லத்து நிலத்தில், அரசின் செலவில், 500 கஜம் நீளமுள்ள மூடிய சுடுதளம் அமைக்கப்பட்டது. காற்றின் இடையூறு இல்லாமல் குண்டின் பாதையை ஆராய்வதே இதன் நோக்கம் ஆகும்.

அப்போது படையில் இருந்த 1853 மாதிரி என்பீல்டு ரைபிளின் குழல் விட்டம் 0.577 அங்குலம். அதன் சுருள் பள்ளம் 78 அங்குல நீளத்துக்கு ஒரு சுற்று என்ற அளவில் மெல்லிய முறுக்குடன் இருந்தது. குண்டின் எடை 530 கிரெயின், அதாவது ஏறக்குறைய 34 கிராம் ஆகும்.

விட்வொர்த் குண்டின் எடையை மாற்றாமல் விட்டத்தை ஏறக்குறைய 0.45 அங்குலமாகக் குறைத்தார். எடை மாறாமல் விட்டம் குறைந்தால் குண்டு நீளும். ஒல்லியான நீண்ட குண்டு காற்றின் தடையை எளிதில் கடந்து தொலைவு வரை வேகத்தைத் தக்கவைத்துக் கொள்ளும். ஆனால், நீளம் கூடக்கூட, காற்று அதனைப் புரட்டிவிட முயலும் விசையின் தாக்கமும் கூடும். பம்பரம் வேகமாகச் சுழலும்போது மட்டுமே நிமிர்ந்து நிற்பதைப் போல, நீண்ட குண்டும் வேகமாகச் சுழன்றால் மட்டுமே முனை முன்னோக்கியபடி செல்லும். போதிய சுழற்சி இல்லாவிடில் அது புரண்டு இலக்கில் பக்கவாட்டாகப் பாயும்.

பல்வேறு முறுக்குகள் கொண்ட குழல்களைச் சோதித்த பின்னர், 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற அளவை இவர் தேர்ந்தெடுத்தார். வினாடிக்கு 1,300 அடி வேகத்தில் வெளியேறும் குண்டு, 78 அங்குல முறுக்கில் வினாடிக்கு 200 முறை சுழலும். 20 அங்குல முறுக்கிலோ 780 முறை சுழலும். இத்தகைய கடும் முறுக்கில் மென்மையான ஈயக் குண்டு பள்ளங்களை விட்டு வழுக்கிவிடக்கூடும். இதனைத் தவிர்க்கக் குழலின் உட்புறத்தை அறுகோண வடிவில் அமைத்து, அதற்குப் பொருந்தும் அறுகோணக் குண்டுகளையும் இவர் செய்தார்.

1857 இல் ஹைத் என்னுமிடத்தில் இரு ரைபிள்களும் ஒப்பிடப்பட்டன. 500 கஜத் தொலைவில் என்பீல்டு குண்டுகளின் சராசரி விலகல் 2.24 அடியாக இருக்க, விட்வொர்த் குண்டுகளின் விலகல் 0.37 அடியாக மட்டுமே இருந்தது. 1,400 கஜத்தில் என்பீல்டின் விலகலை அளக்கவே முடியவில்லை.

இருந்தும், குழல் விட்டம் சிறியது, வெடிமருந்துக் கரி விரைவில் படிந்துவிடும், செலவு மிகுதி என்பன போன்ற காரணங்களால் படைத்துறை இந்த ரைபிளைப் பொதுப் பயன்பாட்டுக்கு ஏற்கவில்லை. ஜூலை 2, 1860 அன்று விம்பிள்டனில் நடந்த தேசிய ரைபிள் சங்கத்தின் முதல் போட்டியை, 400 கஜத் தொலைவிலிருந்த இலக்கை விட்வொர்த் ரைபிளால் சுட்டு விக்டோரியா அரசியார் தொடங்கி வைத்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலக் கூட்டமைப்பின் குறிபார்த்துச் சுடும் வீரர்கள் இதனைப் பயன்படுத்தினர். 1864 இல் ஸ்பாட்சில்வேனியாவில் தளபதி ஜான் செட்ஜ்விக் இத்தகைய ரைபிளால் கொல்லப்பட்டார் என நம்பப்படுகிறது.

விட்வொர்த்தின் கருத்து பின்னாளில் வேறு வழியில் வென்றது. 1871 இல் பிரித்தானியப் படை ஏற்ற மார்ட்டினி-ஹென்றி ரைபிளின் குழல் விட்டம் 0.45 அங்குலமாகவும், முறுக்கு 22 அங்குலத்துக்கு ஒரு சுற்றாகவும், குண்டின் எடை 480 கிரெயினாகவும் இருந்தன.

முறுக்கும் குண்டும்: பிற்கால வளர்ச்சி

விட்வொர்த் சோதனை வழியே கண்டதை, 1879 இல் ஊல்விச் பீரங்கிப் படைக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் ஆல்ஃபிரட் ஜார்ஜ் கிரீன்ஹில் எளிய வாய்பாடாக அமைத்தார். குண்டின் விட்டத்தின் வர்க்கத்தை 150 ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால், ஒரு சுற்றுக்குத் தேவையான குழல் நீளம் கிடைக்கும் என்பதே அது. 0.45 அங்குல விட்டமும் அதைப்போல் 3 மடங்கு நீளமும் கொண்ட ஈயக் குண்டுக்கு இவ்வாய்பாடு 22.5 அங்குலம் என்ற விடையைத் தருகிறது. விட்வொர்த் தேர்ந்தெடுத்த 20 அங்குலம் இதற்கு மிக அருகில் உள்ளது.

தோட்டாக்களைத் தாமே கையால் நிரப்பிக்கொள்ளும் போட்டியாளர்கள் இன்றும் இக்கோட்பாட்டைப் பின்பற்றுகின்றனர். பொதுவாகக் குண்டின் எடையைக் கொண்டு முறுக்கு குறிப்பிடப்பட்டாலும், உண்மையில் முடிவு செய்வது நீளமே ஆகும். ஒரே விட்டமும் ஒரே எடையும் இருந்தாலும், ஈயத்தைவிட அடர்த்தி குறைந்த செம்பால் ஆன குண்டு நீளமானது என்பதால் அதற்குக் கூடுதல் முறுக்கு தேவை. எம்-16 ரைபிளில் 55 கிரெயின் குண்டுக்கு 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றிருந்த முறுக்கு, நீண்ட 62 கிரெயின் குண்டும் அதைவிட நீண்ட ஒளித்தடக் குண்டும் வந்தபோது 7 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக மாற்றப்பட்டது. அதேவேளை தேவைக்கு மேற்பட்ட சுழற்சி, குண்டின் வார்ப்பில் உள்ள சிறு குறைகளையும் பெரிதாக்கிக் குறியைத் தவறச் செய்யும்.

பிற்காலமும் நினைவும்

விட்வொர்த் 1857 இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1868 இல் ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகளும் பொறியியல் கற்க உதவும் வகையில், ஆண்டுக்கு 3,000 பவுண்டு தரும் உதவித்தொகைத் திட்டத்தை நிறுவினார். 1869 இல் இவருக்குப் பாரனெட் பட்டம் வழங்கப்பட்டது. 1874 இல் தம் நிறுவனத்தைப் பங்கு நிறுவனமாக மாற்றியபோது, தொழிலாளர்களும் பங்குகளைப் பெற வழிசெய்தார்.

பிள்ளைகள் இல்லாத விட்வொர்த், 1887 இல் மான்டி கார்லோவில் காலமானார். இவரது உடல் டார்பிஷயரின் டார்லி டேலில் அடக்கம் செய்யப்பட்டது. இவர் விட்டுச் சென்ற செல்வத்தின் பெரும்பகுதி பொதுப்பணிகளுக்குச் சென்றது. மான்செஸ்டரில் உள்ள விட்வொர்த் கலைக்கூடம், விட்வொர்த் பூங்கா, கிறிஸ்டி மருத்துவமனை ஆகியவை அச்செல்வத்தால் பயனடைந்தவை. 1897 இல் இவரது நிறுவனம், பீரங்கி உற்பத்தியில் நெடுங்காலம் போட்டியாக இருந்த ஆம்ஸ்ட்ராங் நிறுவனத்துடன் இணைந்தது.