விளக்குத்தூணைப் படம் எடுத்தவர் – லின்னேயஸ் டிரைப்



நம்ம சுவர் இதழில் தலைவர்கள், விஞ்ஞானிகள், கவிஞர்கள் வாழ்க்கையை எல்லாம் நிறையப் படிச்சிருப்பீங்க. இந்தத் தடவை நான் ஒரு போட்டோக்காரரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் லின்னேயஸ் டிரைப். நம் தமிழ்நாட்டு ஊர்களை 1858-ஆம் ஆண்டிலேயே படம் எடுத்தவர். கோபுரமும் சிலையும் மட்டும்தான் படம் எடுக்கத் தகுதி என்று அவர் நினைக்கவில்லை. யாரும் நின்று பார்க்காத தெருவிளக்கையும் தரைப்பாலத்தையும் கூட எடுத்தார். அதனால்தான் அவரை எனக்குப் பிடிச்சிருக்கு.

இளமை

டிரைப் 1822 ஏப்ரல் 14 அன்று இங்கிலாந்தில் டெவன்போர்ட் என்ற ஊரில் பிறந்தார். 1839-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். 1850-இல் நீண்ட விடுமுறையில் ஊருக்குப் போனார். அப்போது போட்டோ கலை புதுசு. அதில் ஆசை வந்து, 1853-இல் லண்டன் புகைப்படச் சங்கத்தில் உறுப்பினர் ஆனார்.

1854-இல் பெங்களூருக்குத் திரும்பியதும் ஹளேபீடு, பேலூர் கோயில்களை எடுத்தார். அந்தப் படங்களுக்கு 1855 சென்னைக் கண்காட்சியில் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு பர்மா மன்னரைப் பார்க்கப் போன தூதுக்குழுவோடு போய் அந்த நாட்டையும் படம் எடுத்தார். இதையெல்லாம் பார்த்த சென்னை அரசாங்கம் 1856-இல் அவரை அரசுப் புகைப்படக்காரராக நியமித்தது.

மாட்டு வண்டியில் கேமரா

1857 டிசம்பரில் பயணம் தொடங்கியது. ராயக்கோட்டை, சேலம் பக்கம், திருச்சி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று போனார். கேமரா, மருந்து, காகிதம் எல்லாம் மாட்டு வண்டியில். அய்யாசாமி என்ற நம்ம ஊர்க்காரர் அவருக்கு உதவியாளராக இருந்தார்.

இப்போ மாதிரி பட்டனை அமுக்கினால் படம் வந்துவிடாது. காகிதத்தில் மெழுகு ஏற்றி, வெள்ளி உப்புக் கரைசலில் நனைத்து, கேமராவுக்குள் வைக்க வேண்டும். அந்தக் காகிதம்தான் நெகடிவ். வெளிச்சம் பதிய ரொம்ப நேரம் ஆகும். அதுவரை ஆடாமல் நிற்கும் பொருள்தான் தெளிவாக விழும். நடந்து போறவங்க பதிய மாட்டாங்க. அதனால் அவருடைய படங்களில் தெருக்கள் வெறிச்சென்று இருக்கும். கல்லும் நிழலும்தான் தெரியும். வானம் வெறும் வெள்ளையாக வந்துவிடும் என்பதால், சில நெகடிவ்களில் மேகத்தை அவரே பிரஷால் தீட்டினார். கணக்கெடுக்க மட்டும் வந்தவராக இருந்தால் மேகம் எதற்கு? அவர் மனசுக்குள் ஒரு ஓவியரும் இருந்தார் என்று எனக்குத் தோணுது.

எதையெல்லாம் எடுத்தார்?

மதுரையில் புது மண்டபம், அதுவரை பழுது பார்க்கப்படாமல் கிடந்த திருமலை நாயக்கர் மஹால், யானைமலை எல்லாம் எடுத்தார். கூடவே வைகையின் தரைப்பாலத்தையும் எடுத்தார். கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்த விளக்குத்தூணையும் எடுத்தார். இன்றைக்கும் மதுரையில் பஸ்ஸும் ஆட்டோவும் சுற்றிப் போகிற அதே விளக்குத்தூண்தான்.

தஞ்சைப் பெரிய கோயிலில் எல்லாரும் அண்ணாந்து விமானத்தைப் பார்ப்பாங்க. டிரைப் குனிந்து அடிச்சுவரையும் பார்த்தார். அங்கே ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டுகள் வரிவரியாக ஓடுகின்றன. கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி 21 படம் எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டினார். மொத்த நீளம் சுமார் 19 அடி! நம்ம வகுப்பறைச் சுவரே நிறைஞ்சிடும்.

வேலை நின்றது

1859-இல் சர் சார்லஸ் டிரெவெல்யன் சென்னை கவர்னராக வந்தார். போட்டோ எடுப்பது அரசாங்கத்துக்கு வீண் செலவு என்று முடிவு செய்தார். டிரைப்பின் வேலை நின்றது. அவர் படைக்கே திரும்பினார். அதன்பின் படம் எடுத்தது மிகக் குறைவு. 1873-இல் இங்கிலாந்து போய், 1902-இல் பிறந்த ஊரிலேயே காலமானார்.

வீண் செலவு என்று சொன்ன அந்தப் படங்களை 2014, 2015-ஆம் ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் அருங்காட்சியகங்கள் கலைப் படைப்பாகக் காட்சிக்கு வைத்தன. டிரைப் தமிழ்நாட்டுப் பயணம் தொடங்கிய அதே 1857-இல் பிரான்ஸில் பிறந்தவர் யூஜின் அத்ஜே. அவரும் பின்னாளில் பாரிஸ் நகரத்துச் சந்து, மாடிப்படி, கடை வாசல் என்றே எடுத்துப் புகழ் பெற்றார். இன்று கார் நிறுத்தும் இடத்தையும், மேம்பாலத்தின் அடியையும் கலையாக எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

நமக்கு என்ன?

டிரைப் போன ஊர்களில் கள்ளக்குறிச்சி இல்லை. எங்க கருணாபுரத்துக்குக் கேமராக்கள் கூட்டமாக வந்தது 2024 ஜூன் மாதம். விஷச்சாராயத்தால் 60 பேருக்கு மேல் இறந்துபோன நேரம். வெளியூரில் கருணாபுரம் என்று சொன்னாலே அந்தப் படங்கள்தான் எல்லாருக்கும் ஞாபகம் வருது. அந்தப் படங்கள் பொய் இல்லை. ஆனா அவை சில நாட்களின் படங்கள். மற்ற நாளில் இதே தெருவில் குழாயடியில் குடம் வரிசையாக நிற்குது. வாசலில் கோலம் இருக்கு. சைக்கிள் சாய்ச்சு வைக்கிற மூலை இருக்கு. வெயில் சாயும்போது ஓட்டுக் கூரை நிழல் எதிர் சுவரில் விழுது. அதை எடுக்க யாரும் வெளியூரிலிருந்து வர மாட்டாங்க. நாமதான் எடுக்கணும்.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த இதழுக்குள் உங்க தெருவில் யாரும் கவனிக்காத ஒரே ஒரு இடத்தை வீட்டு போனில் படம் எடுங்க. போன் இல்லாதவங்க பென்சிலில் வரையுங்க. கீழே இடத்தின் பெயரும் தேதியும் மறக்காம எழுதுங்க. இந்த இதழுக்குப் பக்கத்துச் சுவர் காலியாகத்தான் இருக்கு!

– கருணாபுரத்திலிருந்து வரும் 10-ஆம் வகுப்பு மாணவி