இரண்டு சிறைகளுக்கு நடுவே ஒரு சேதுபதி



ஓரியூருக்குத் திருப்பயணம் சென்று வரும் நமக்குச் சேதுபதி என்றதும் நினைவுக்கு வருபவர் கிழவன் சேதுபதி ஒருவர்தான். அவருடைய ஆட்சியில், 1693 பிப்ரவரி 4 அன்று, புனித அருளானந்தர் அங்கே தலை வெட்டப்பட்டு உயிர்நீத்தார். அதே மரபில் நூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த இன்னொரு சேதுபதியைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் பெயர் முத்துராமலிங்க சேதுபதி. பசும்பொன் தேவர் அவர்களோடு இவரைச் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். இவர் அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முந்தியவர். பாலவனத்தம், அருப்புக்கோட்டை, திருச்சுழி என்று நாம் நடமாடும் இந்தக் கரிசல் மண்ணில் சேதுபதிகளின் பெயர் பழகிய பெயர். பிற்காலத்துப் பாலவனத்தம் ஜமீனே அந்தக் குடும்பத்தின் ஒரு கிளைதான்.

இவர் கதையைச் சொல்லுமுன் நாடு இரண்டான கதையைச் சொல்லியாக வேண்டும். கிழவன் சேதுபதி 1710-இல் இறந்த பிறகு, அடுத்து யார் அரியணையில் அமர்வது என்று வாரிசுகளுக்குள் சண்டை மூண்டது. ஒவ்வொரு தரப்பும் தஞ்சாவூர் மராட்டிய மன்னரிடம் படை கேட்டு ஓடியது. அவரும் கொடுத்தார், சும்மா அல்ல. முடிவில், ஏறத்தாழ 1730-இல், மறவர் நாடு ஐந்து பங்காகப் பிரிந்தது. மூன்று பங்கு இராமநாதபுரத்திற்கு, இரண்டு பங்கு சசிவர்ணத் தேவரின் சிவகங்கைக்கு. இரண்டு அரண்மனைகளும் ஒரே இரத்தம். சசிவர்ணரின் மனைவி சேதுபதியின் மகள். அவருடைய மருமகளான வேலு நாச்சியாரும் சேதுபதி ஒருவரின் மகளே. முத்துராமலிங்கருக்கு அவர் அம்மான் மகள் முறை.

முத்துராமலிங்கர் 1760-இல் பிறந்தார். கைக்குழந்தையாகவே அரசராக்கப்பட்டார். தாய் முத்துத் திருவாயி நாச்சியார் அவருக்காக ஆட்சி நடத்தினார். 1771-இல் தஞ்சை மன்னர் துளஜாஜி படையெடுத்து வந்தார். அதற்கடுத்த ஆண்டு ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி, கப்பம் கேட்டு, ஆங்கிலேயக் கம்பெனியின் படையைக் கூட்டிக்கொண்டு வந்தார். 1772 ஜூன் மாதத் தொடக்கத்தில் தளபதி ஜோசப் ஸ்மித்தின் பீரங்கிகள் இராமநாதபுரம் கோட்டையை உடைத்தன. 12 வயதுச் சிறுவனும் அவன் தாயும் சகோதரியரும் திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டார்கள். அதே மாதத்தில் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். வேலு நாச்சியார் மகளோடு தப்பி, ஹைதர் அலியின் ஆதரவைத் தேடினார். ஒரே மாதத்தில் இரண்டு நாடும் போயிற்று.

விளையாடும் பருவமும் கற்கும் பருவமும் அந்தச் சிறுவனுக்குச் சிறையில் கழிந்தன. 1780-இல் ஹைதர் அலி ஆர்க்காட்டின்மேல் பாய்ந்தபோது மறவர் நாட்டிலும் கிளர்ச்சி எழுந்தது. அதைத் தணிக்க வேறு வழியில்லாமல் நவாப் 1781-இல் முத்துராமலிங்கரை விடுவித்து மீண்டும் அரசராக்கினார். அதற்குள் வேலு நாச்சியார் மருது சகோதரர்களின் துணையோடு சிவகங்கையை மீட்டுவிட்டார்.

அடுத்த 14 ஆண்டுகள்தான் முத்துராமலிங்கர் தாமே ஆண்ட காலம். அதில் நாம் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. அவருடைய பிரதானி முத்திருளப்பப் பிள்ளை 1789-இல், மேற்கே மலையில் வீணாக ஓடும் பெரியாற்று நீரை இந்த வறண்ட சீமைக்குத் திருப்ப முடியுமா என்று பார்த்துவர 12 பேரை அனுப்பினார். செலவு கட்டாது என்று திட்டம் நின்றது. பென்னிகுயிக் அந்த அணையைக் கட்டி முடித்தது 1895-இல். கண்மாய் வறண்டால் பிழைப்பும் வறளும் மண்ணில் வாழும் நாம், நூறு ஆண்டுகளுக்கு முன்பே அதை நினைத்த மனிதரை நன்றியோடு நினைக்க வேண்டாமா? பிற்பாடு அந்த அமைச்சருக்கும் மன்னருக்கும் கசந்துவிட்டது என்பது வருத்தமான செய்தி.

மன்னரின் ஆட்சி மென்மையானது என்று நாம் சொல்லமாட்டோம். எல்லா அதிகாரத்தையும் தம் கையிலேயே வைத்துக்கொண்டார். இடித்துச் சொல்வாரைத் தொலைவில் வைத்தார். இங்கு நெய்யப்படும் துணியைத் தன் விலைக்கே வாங்கிக்கொண்டுபோக நினைத்த கம்பெனிக்கு அவர் வளைந்துகொடுக்கவில்லை. இராமநாதபுரத்து வரலாற்றாசிரியர் எஸ்.எம். கமால் அவரை விடுதலைப் போராளியாகவே காண்கிறார். கம்பெனியின் ஏடுகளோ கொடுங்கோலராகக் காட்டுகின்றன. இரண்டிலும் உண்மை உண்டு என்றே நமக்குத் தோன்றுகிறது. பிடிவாதமும் துணிவும் ஒரே மனிதரிடம் இருக்கக் கூடாதா என்ன?

அவரை வீழ்த்தியது பங்காளிச் சண்டை. 1792 ஒப்பந்தத்தின்படி பாளையங்களில் கப்பம் வசூலிக்கும் உரிமை நவாபிடமிருந்து கம்பெனிக்கு வந்திருந்தது. எல்லைத் தகராறுகளில் இராமநாதபுரமும் சிவகங்கையும் 1794-இல் மோதிக்கொண்டன. மருது சகோதரர்கள் கம்பெனியிடம் முறையிட்டார்கள். முறையீடு கேட்க வந்தவன் வீட்டையே எடுத்துக்கொண்டான். 1795 பிப்ரவரி 8 அன்று, கோட்டைக்குள்ளேயே தங்கியிருந்த கம்பெனிப் படை அரண்மனையைச் சூழ்ந்து மன்னரைப் பிடித்தது. கப்பப் பாக்கி, அனுமதியில்லாத போர், கொடுமையான ஆட்சி என்பவை குற்றச்சாட்டுகள். 1798-இல் கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனை நிற்கவைத்து விசாரித்த காட்சியைத் திரைப்படத்தில் நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். அது நடந்த இடம் சேதுபதியின் இராமலிங்க விலாசம். அந்த அரண்மனையில் வெள்ளைக்காரன் எப்படி உட்கார்ந்தான் என்று நாம் கேட்டதில்லை. வீட்டுக்காரர் சிறையில் இருந்தார்.

இது நம் சீமைக்கு மட்டும் உரிய கதையன்று. வியட்நாம் நாடு 1954-இல் ஜெனீவாவில் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. வடக்கே கம்யூனிஸ்டுகள் சீன, சோவியத் துணையோடு ஆண்டார்கள். தெற்கே அமெரிக்காவின் தயவில் ஆண்டவர் நோ தின் தியெம், நம்மைப்போல் ஒரு கத்தோலிக்கர். நமக்கு நன்கு அறிமுகமான கர்தினால் வான் துவானின் தாய்மாமன். பக்தியுள்ளவர், கையூட்டு வாங்காதவர் என்று பெயர் எடுத்தவர். ஆனால் அதிகாரத்தைத் தம் சகோதரர்களிடமே பங்கிட்டார். 1963-இல் அவருடைய அரசு பௌத்தர்களைச் சுட்டது. அவர் நம்மவர் என்பதற்காக அதை மூடிமறைப்பது நேர்மையாகாது. அவரைத் தாங்கிப்பிடித்த அமெரிக்கர்களே, படைத்தலைவர்கள் அவரைக் கவிழ்க்கத் திட்டமிட்டபோது தடுக்கவில்லை. 1963 நவம்பர் 2, இறந்த விசுவாசிகளின் நினைவு நாளில், அவரும் தம்பியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு வந்த போர் 1975 வரை நீடித்தது. எத்தனை இலட்சம் உயிர்கள்!

மீண்டும் நம் ஊருக்கு வருவோம். மன்னர் சிறைப்பட்டதை மக்கள் வாய்மூடிப் பார்த்திருக்கவில்லை. 1799 ஏப்ரலில் சித்திரங்குடி மயிலப்பன் சேர்வைக்காரர் தலைமையில் முதுகுளத்தூர், அபிராமம், கமுதி மக்கள் எழுந்தார்கள். கம்பெனியின் கச்சேரியையும் துணிக் கிடங்கையும் நெல் களஞ்சியத்தையும் தாக்கினார்கள். திருச்சுழிக்குக் கிழக்கே கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க ஊர்கள் இவை. கிளர்ச்சி அடக்கப்பட்டது. மயிலப்பன் தப்பிச் சென்று சேர்ந்துகொண்டது யாரிடம் தெரியுமா? தம் மன்னரோடு மோதிய அதே மருது சகோதரர்களிடம். அவர்களுக்கும் அதற்குள் கம்பெனி யாரென்று புரிந்துவிட்டது. 1801-இல் இரண்டு சீமையாரும் தோளோடு தோள் நின்று போரிட்டார்கள். காலம் கடந்திருந்தது. 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அடுத்த ஆண்டு மயிலப்பனுக்கும் அதே முடிவு.

சேதுபதியை ஊருக்கு அருகில் வைத்திருப்பது ஆபத்து என்று கருதி, கம்பெனி அவரைத் திருச்சியிலிருந்து சென்னைக்குக் கொண்டுபோயிற்று. 1803-இல் இராமநாதபுரம் ஜமீனாக்கப்பட்டு அவருடைய சகோதரி மங்களேஸ்வரி நாச்சியாருக்குக் கொடுக்கப்பட்டது. சகோதரி ஜமீந்தாரிணியாக அரண்மனையில் இருக்க, மன்னர் சென்னைக் கோட்டையில் மேலும் ஆறு ஆண்டுகள் கைதியாக இருந்தார். 1809 ஜனவரி 23 அன்று அங்கேயே இறந்தார். 49 ஆண்டு வாழ்வில் ஏறத்தாழ 23 ஆண்டுகள் சிறை. இராமநாதபுரத்தை அவர் பிறகு பார்க்கவே இல்லை.