கப்பல் பக்கவாட்டில் ஒரு வட்டம், குறுக்கே ஒரு கோடு: போட வைத்தவர் ஒரு நிலக்கரி வியாபாரி

எண்ணூர் நெட்டுக்குப்பம் கடற்கரைக்கு வடக்கே காமராஜர் துறைமுகம். அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி கொண்டுவரும் கப்பல்கள் வந்துபோகிற இடம். சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் கப்பலில் அடிப்பக்கத்துச் சிவப்பு பெயின்ட் நிறையத் தெரியும். லோடோடு வரும்போது அது தண்ணீருக்குள் இருக்கும். சரி, எவ்வளவு உள்ளே போகலாம்? நடுப்பக்கத்தில் ஒரு வட்டமும் குறுக்கே ஒரு கோடும் இருக்கும். அதுதான் எல்லை. பெயர் பிளிம்சால் கோடு.

இரும்பு மூழ்கும், இரும்புக் கப்பல் மட்டும் எப்படி மிதக்கிறது? உள்ளே பெரும்பகுதி காற்று. இரும்பையும் காற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், மொத்த அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு. காற்று இருந்த இடத்தில் நிலக்கரியைக் கொட்டக் கொட்ட அடர்த்தி ஏறும், கப்பல் இறங்கும். ஓவர்லோடு ஆன கப்பல் துறைமுகத்தில் நன்றாகத்தான் மிதக்கும். ஆபத்து நடுக்கடலில். தண்ணீருக்கு மேலே பக்கச்சுவர் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும், அலை மேல்தளத்தில் ஏறும், உள்ளே புகும் தண்ணீர் காற்றை வெளியே தள்ளும்.

19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் இது தெரியாமல் யாரும் லோடு ஏற்றவில்லை. கப்பல் போனாலும் இன்சூரன்ஸ் பணம் வரும். வேலைக்குக் கையெழுத்துப் போட்ட மாலுமி, கப்பலைப் பார்த்துப் பயந்து ஏற மறுத்தால் ஜெயில். அந்தக் கப்பல்களுக்குச் சவப்பெட்டிக் கப்பல்கள் என்றே பெயர்.

சாமுவேல் பிளிம்சால் மாலுமி இல்லை. 1824இல் பிரிஸ்டலில் பிறந்தவர். ஷெஃபீல்டில் மதுபான ஆலை மேனேஜராக இருந்துவிட்டு, 1853இல் லண்டனில் நிலக்கரி வியாபாரம் தொடங்கினார். நொடித்துப் போனார். சில காலம் ஏழைகள் தங்கும் மலிவு விடுதியில் வாழ்ந்தார். கூலிக்காரர்கள் ஒருவருக்கொருவர் எப்படிக் கைகொடுக்கிறார்கள் என்று அங்கே பார்த்தது அவரை விட்டுப் போகவில்லை. பிறகு மறுபடி சம்பாதித்து, 1868இல் டெர்பி தொகுதி எம்.பி. ஆனார்.

கோடு போடும் யோசனை அவருடையது மட்டும் அல்ல. ஜேம்ஸ் ஹால் என்ற கப்பல் முதலாளியே முன்பு அதற்காகக் குரல் கொடுத்தவர். அதை ஊர் முழுக்கப் பேச வைத்தவர் பிளிம்சால். 1873இல் மாலுமிகளின் நிலை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கோபத்தில் எழுதியது, சில தகவல்கள் தப்பு, கப்பல் முதலாளிகள் கேஸ் போட்டார்கள். ஆனாலும் அரசு விசாரணைக் கமிஷன் அமைத்தது.

1875 ஜூலை 22. கப்பல் மசோதாவைக் கைவிடுவதாகப் பிரதமர் டிஸ்ரேலி அறிவித்தார். பிளிம்சால் வெடித்துவிட்டார். சக எம்.பி.க்களை அயோக்கியர்கள் என்று திட்டினார், சபாநாயகரை நோக்கி முஷ்டியை ஆட்டினார். பிறகு சபையில் மன்னிப்பும் கேட்டார். ஆனால் மக்கள் அவர் பக்கம் நின்றார்கள். 1876இல் சட்டம் வந்துவிட்டது.

அதிலும் ஒரு ஓட்டை. கோடு கட்டாயம், எங்கே போடுவது என்பது முதலாளி இஷ்டம்! ஒரு கேப்டன் புகைபோக்கியில் போட்டார் என்று கதை உண்டு. கோட்டின் இடத்தையும் சட்டமே தீர்மானிக்க 1890 வரை ஆனது. 1898இல் பிளிம்சால் இறந்தார். கோடு உலக ஒப்பந்தமானது 1930இல். இப்போது நடப்பில் உள்ளது 1966 ஒப்பந்தம்.

வட்டத்துக்குப் பக்கத்தில் ஏணிப்படி மாதிரி சின்னக் கோடுகளும் உண்டு, பிற்காலத்தில் சேர்ந்தவை. எஃப் என்றால் நன்னீர். ஒரு கன மீட்டர் கடல்நீர் சுமார் 1,025 கிலோ, நன்னீர் 1,000 கிலோ. லேசான தண்ணீர் குறைவாகத்தான் தாங்கும். கடலில் 12 மீட்டர் மூழ்கி நிற்கும் கப்பல், நன்னீருக்குள் வந்தால் ஏறக்குறைய கால் மீட்டர் கூடுதலாக இறங்கும்.

டி வெப்பமண்டலக் கடலுக்கு, எஸ் கோடைக்கு, டபிள்யூ குளிர்காலத்துக்கு. இவை முக்கியமாகப் புயல், அலை பார்த்துப் போட்டவை. வங்காள விரிகுடாவில் மே முதல் நவம்பர் வரை எஸ் கோட்டோடு நிறுத்த வேண்டும். டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை, இன்னும் கொஞ்சம் மேலே இருக்கும் டி வரை ஏற்றலாம். டிசம்பரில் அமைதியான கடலாம்! வர்தாவையும் மிக்ஜாமையும் பார்த்த எண்ணூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.