என்ரிகோ பெர்மி: கேள்வியால் பாடம் சொன்ன மேதை

சிகாகோ நகரில் பியானோவுக்குச் சுருதி கூட்டும் தொழிலாளர் எத்தனை பேர் இருப்பர்? பௌதிக வகுப்பில் இப்படிக் கேட்டால் மாணவர் விழிக்கத்தான் செய்வர். என்ரிகோ பெர்மி தம் மாணவர்களுக்குப் போட்டதாக வழங்கி வரும் கேள்வி இது. உலகின் முதல் அணு உலையை 1942 டிசம்பர் 2-ல் இயக்கிக் காட்டிய அதே பெர்மிதான்.

அவர் 1901-ல் ரோம் நகரில் பிறந்தார். தகப்பனார் ரயில்வே உத்தியோகஸ்தர். (ரயில்வேக்காரர் வீட்டுப் பிள்ளை என்பதில் எனக்குச் சற்றுப் பெருமை உண்டு.) தகப்பனாருடன் வேலை பார்த்த அமிதேய் என்ற எஞ்சினீயர், பையனுக்கு வயதுக்கு மீறிய கணக்குகளைக் கொடுத்துப் பார்த்தார். பையன் போட்டுவிட்டான். அதன்பின் உயர்கணிதப் புத்தகங்களை ஒவ்வொன்றாக இரவல் கொடுத்து வளர்த்துவிட்டவரும் அவரே.

1938-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் முசோலினி அரசு யூதர்களுக்கு எதிராகச் சட்டம் போட்டது. மனைவி லாரா யூதர். ஸ்டாக்ஹோமில் பரிசைப் பெற்ற பெர்மி, ஊர் திரும்பாமல் குடும்பத்துடன் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

இனி அந்தப் பியானோ கணக்கு. நகரத்தில் 30 லட்சம் ஜனங்கள். வீட்டுக்கு நான்கு பேர் என்றால் ஏழரை லட்சம் வீடுகள். ஐந்து வீட்டுக்கு ஒரு பியானோ என்று வைத்தால் ஒன்றரை லட்சம். ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு ஒரு முறை சுருதி கூட்ட வேண்டும். ஒருவர் நாளைக்கு நான்கு வீதம் 250 நாள் வேலை செய்தால் ஆயிரம் பியானோ. ஆகவே சுமார் 150 பேர். உண்மையில் நூறாக இருக்கலாம், இருநூறாக இருக்கலாம். பத்தாகவோ பத்தாயிரமாகவோ இராது. ஓரிடத்தில் கூட்டிச் சொன்னது இன்னோரிடத்தில் குறைத்துச் சொன்னதால் பெரும்பாலும் ஈடுகட்டப்படும்.

நம் பரீட்சைத் தாளில் வேண்டிய எண்களெல்லாம் கேள்வியிலேயே இருக்கும். சூத்திரத்தை நெட்டுருப் போட்டவன் நூற்றுக்கு நூறு வாங்கிவிடுவான். இயற்கை அப்படி எண்களை எடுத்துக் கொடுப்பதில்லை. கெட்டிக்கார மாணவனைச் சோதிக்க இத்தகைய கேள்விதான் சரி என்பேன்.

பெர்மிக்கு இது விளையாட்டல்ல. 1945 ஜூலை 16-ல் நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டு வெடித்தபோது, 16 கிலோமீட்டர் தள்ளி நின்று காகிதத் துண்டுகளை நழுவவிட்டார். அதிர்ச்சி அலை அவற்றை இரண்டரை மீட்டர் தள்ளியது. அதைக் கொண்டே, வெடிப்பின் பலம் பத்தாயிரம் டன் வெடிமருந்துக்குச் சமம் என்று மதிப்பிட்டார். பின்னர் தெரிந்த அளவு இருபதாயிரத்துக்குச் சற்று மேல். காகிதத் துண்டுக்கு இது போதாதா!

சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவரிடம் பயின்ற லீ, யாங் இருவரும் 1957-லும், சேம்பர்லேன் 1959-லும் நோபல் பரிசு பெற்றனர்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் சுப்பிரமணியன் சந்திரசேகரும் அதே பல்கலைக்கழகம்தான். 1953-ல் இருவரும் சேர்ந்து நட்சத்திர மண்டலங்களின் காந்தப்புலம் பற்றி ஆராய்ந்து எழுதினர். மறு ஆண்டே பெர்மிக்கு வயிற்றில் புற்றுநோய். ஆஸ்பத்திரிப் படுக்கையிலும், குழாயில் இறங்கும் திரவ ஆகாரத்தின் சொட்டுகளை எண்ணிக் கடிகாரத்தைப் பார்த்து வேகத்தைக் கணக்கிட்டுக் கொண்டிருந்தார். காண வந்த சந்திரசேகருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. பெர்மியே முந்திக்கொண்டு, அடுத்த ஜன்மத்தில் தாம் யானையாகப் பிறப்போமா என்று விசாரித்தார்.

1954 நவம்பர் 28-ல் அவர் காலமானார். வயது 53.