தணிக்கையாளர் குமரப்பா

தஞ்சாவூரில் 1892-இல் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் ஜோசப் செல்லதுரை கொர்னீலியஸ். லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, மும்பையில் தொழில் நடத்தினார். 1927-இல் அமெரிக்கா சென்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி அறிஞர் செலிக்மனிடம் பயின்றார். ஆங்கில அரசின் வரி, செலவுக் கொள்கைகளே இந்தியாவை வறுமையில் ஆழ்த்தின என்பது அவரது ஆய்வின் முடிவு. அந்த ஆய்வேட்டை வெளியிடும் பொருட்டு 1929-இல் சபர்மதியில் காந்தியடிகளைச் சந்தித்தார், வாழ்க்கை திசைமாறியது. குமரப்பா என்ற குடும்பப் பெயர் நிலைத்தது.

காந்தியடிகளின் விருப்பப்படி குஜராத்தின் மாதர் வட்டக் கிராமங்களின் பொருளாதார நிலையை ஆராய்ந்தார். 1934-இல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளராகி, வார்தாவில் செக்கு, கைக்குத்தல் அரிசி, கைக்காகிதம் என உழைத்தார்.

பொருளாதார மாணவனாகிய நான் அவர் பெயரை முதலில் அறிந்தது எங்கள் பாடத்திட்டத்தில் அல்ல. ஷூமாக்கர் என்ற மேனாட்டவரின் நூலில். இன்றும் இது எனக்கு உறுத்தலே.

ஜபல்பூர் சிறையில் எழுதி 1945-இல் வெளிவந்த 'நிலைத்த பொருளாதாரம்' நூலின் அடிப்படை, தணிக்கையாளரின் கண்ணோட்டம் என்பேன். நிலக்கரி, எண்ணெய், தாது ஆகியவை தேங்கிய குளம் போன்றவை. எடுக்க எடுக்கக் குறையும். பயிரும் மரமும் ஓடும் நீர், ஆண்டுதோறும் ஊறும். முதலை வருமானமாகக் காட்டும் கணக்கை எந்தத் தணிக்கையாளர் ஏற்பார்? குறையும் வளத்தை நம்பும் நாடுகள் அதற்காகப் போரிட்டே தீரும் என்றும் அவர் கருதினார். கொன்று தின்னும் புலி முதல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை வரை, உயிர்களின் வழியே பொருளாதார முறைகளைத் தரம் பிரித்தார். ஒரு பொருளின் உற்பத்தியில் நிகழும் கொடுமையில் வாங்குபவருக்கும் பங்குண்டு என்பதே அவர் அறநெறியின் கடுமையான பகுதி.

விடுதலைக்குப் பின் காங்கிரஸின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்று 1949-இல் அறிக்கை அளித்தார். ஆனால் பெருந்தொழில் வழியில் விரைந்த அரசுக்கு அவரது குரல் உவப்பாக இல்லை. டிராக்டரையும் வேதி உரத்தையும் எதிர்த்தார். உணவுத் தட்டுப்பாடு மிகுந்த நாட்டில் உரம் தந்த விளைச்சலை அவர் குறைத்தே மதிப்பிட்டார் என்பது என் கருத்து. மண்ணைக் குறித்த அச்சத்திலோ அவர் பிழைபடவில்லை. சமரசம் அறியாத அவர், பழைய தோழர்களையும் விட்டுவைக்கவில்லை, மெல்ல ஒதுக்கப்பட்டார்.

இறுதிக் காலத்தில் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியின் காந்தி நிகேதனில் தங்கினார். 1960 ஜனவரி 30, காந்தியடிகள் மறைந்த அதே நாளில், காலமானார்.